நாளைத் திட்டமிடுவோம், நால்வரோடு கூடுவோம்



காலத்தைத் திட்டமிட்டுச் செலவிடுவது தனிமனிதரின் கடமை என்றும், நாலு பேரோடு பழகுவது சமூகப் பண்பு என்றும் நாம் பிரித்துப் பார்த்துப் பழகிவிட்டோம். முன்னது மேசைமீதுள்ள நாட்குறிப்பில் முடிந்துவிடுகிறது. பின்னது திருமண வீட்டிலும் கோயில் வீதியிலும் முடிந்துவிடுகிறது. உண்மையில் இவ்விரண்டும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இது நமக்குப் புதிய கருத்தும் அன்று. திருக்குறளின் பொருட்பாலை எடுத்துப் பாருங்கள். நாம் இன்று கையாளும் அதிகார வைப்பில் 45ஆவது 'பெரியாரைத் துணைக்கோடல்'. 46ஆவது 'சிற்றினம் சேராமை'. இவற்றை அடுத்து வருபவை 'தெரிந்து செயல்வகை', 'வலியறிதல்', 'காலமறிதல்', 'இடனறிதல்' என்பன. யாரோடு சேர வேண்டும், யாரோடு சேரலாகாது என்று சொல்லி முடித்த கையோடு, எச்செயலை எவ்வளவு வலிமையோடு எக்காலத்தில் எவ்விடத்தில் செய்ய வேண்டும் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. துணையும் திட்டமும் அங்கே அடுத்தடுத்த படிகளாகவே நிற்கின்றன.

நமக்கு இது ஏன் முக்கியம்?

பிறந்த மண்ணில் வாழ்ந்தபோது நாம் அறிமுகங்களைத் தேடி அலைந்ததில்லை. பள்ளித் தோழர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், தந்தையாரின் நண்பர் என்று நமக்கு வேண்டிய மனிதர்கள் பிறப்போடு கூடவே வந்து சேர்ந்தனர். எந்தக் கல்லூரி நல்லது, எந்த அலுவலகத்தில் இடம் காலி என்ற செய்திகள் வாசல் திண்ணைக்கே வந்தன. புலம்பெயர்ந்தபோது நாம் பட்டங்களையும் சான்றிதழ்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தோம். அந்த அறிமுக வலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர இயலவில்லை.

கற்ற கல்விக்குப் பொருந்தாத வேலையில் ஆண்டுகளைக் கழிக்கும் தாய் தந்தையரை நம்மிடையே எளிதாகக் காணலாம். மொழித் தடை, தகுதிச் சான்றை ஏற்க மறுத்தல், நிறபேதம் எனக் காரணங்கள் பலவுண்டு. அவற்றையெல்லாம் ஒரு கட்டுரையால் நீக்கிவிட முடியாது. ஆயினும் நம் முயற்சியால் மாற்றக்கூடிய காரணம் ஒன்று உண்டு. வேண்டிய செய்தி வேண்டிய நேரத்தில் நம் காதுக்கு எட்டாமையே அது. நம் பிள்ளைகளும் இதிலிருந்து தப்பவில்லை. கட்டடக் கலைஞராக விரும்பும் மாணவிக்கு, அத்தொழிலில் இருப்பவர் ஒருவரையேனும் அவள் பெற்றோர் அறிந்திராவிட்டால், அவள் வழி கேட்பது யாரிடம்?

பிலடெல்பியாவில் ஒரு வெள்ளிக்கிழமை மன்றம்

திட்டத்தையும் துணையையும் ஒருங்கே கைக்கொண்டு உயர்ந்தவர்களுள் பெஞ்சமின் பிராங்ளின் சிறந்த எடுத்துக்காட்டு. 1706இல் பாஸ்டன் நகரில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவருக்கு 17 பிள்ளைகளுள் 15ஆவது பிள்ளையாகப் பிறந்தவர். பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 17ஆம் வயதில், 1723இல், உற்றார் உறவினர் எவருமற்ற பிலடெல்பியா நகருக்கு மிகச் சிறிய தொகையோடு வந்திறங்கினார். அந்நகரைப் பொறுத்தவரை அவரும் நம்மைப்போல் ஒரு வந்தேறியே.

1727ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், 'ஜுன்டோ' என்னும் சிறு மன்றத்தை அவர் அமைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் அது கூடியது. உறுப்பினர் எண்ணிக்கை பன்னிரண்டு என வரையறுக்கப்பட்டது. அதில் இடம்பெற்றோர் பெரும் பிரபுக்கள் அல்லர். அச்சுத் தொழிலாளர், பத்திரங்களைப் பார்த்து எழுதுபவர், நில அளவையாளர், காலணி செய்பவர், தச்சர், கண்ணாடி பொருத்துபவர், வணிகரிடம் எழுத்தர் எனப் பல தொழிலினரும், வசதி படைத்த இளைஞர் ஒருவரும் அதில் இருந்தனர். ஒரே தொழிலினர் மட்டும் கூடியிருந்தால் ஒரே செய்தியே சுற்றிச் சுற்றி வந்திருக்கும். பல தொழிலினர் கூடியதால் நகரின் பல மூலைகளிலிருந்தும் செய்திகள் வந்து குவிந்தன.

மன்றத்தின் நடைமுறை கவனத்துக்குரியது. ஒவ்வொரு கூட்டத்திலும் வகுத்து வைக்கப்பட்ட 24 கேள்விகள் வாசிக்கப்பட்டன. அண்மையில் நீங்கள் படித்தவற்றுள் பிறர்க்குப் பயன்படுவது யாது, இவ்வூரில் எவரேனும் தொழிலில் நொடித்துப் போயிருந்தால் அதற்குக் காரணம் யாது, எவரேனும் செழித்திருந்தால் எவ்வழியால் செழித்தார் என்ற பொருளில் அவை அமைந்திருந்தன. தகுதியுள்ள அயலூரார் எவரேனும் நகருக்கு வந்திருக்கின்றாரா, அவருக்கு நாம் உதவ முடியுமா என்று கேட்பதும் அவற்றுள் ஒன்று. புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞருக்கு ஊக்கம் தருவது எங்ஙனம் என்பது மற்றொன்று. புதியவர்களாக வந்து வாழும் நாம் இவ்விரு கேள்விகளையும் நெஞ்சில் பதித்துக்கொள்வது நலம்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு உறுப்பினரும் தாமே எழுதிய கட்டுரையொன்றை வாசிக்க வேண்டும். விவாதத்தில் பிறர் கருத்தை முகத்தில் அடித்தாற்போல் மறுத்துப் பேசினால் சிறு அபராதமும் விதிக்கப்பட்டது. நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் இவ்விதியைக் கொண்டுவந்தால் கட்டட நிதிக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை என்று நகைச்சுவையாகச் சொல்லலாம்!

கதவைத் திறந்தது நட்பு. உள்ளே நிறுத்தியது உழைப்பு

இம்மன்றத்தால் பிராங்ளின் அடைந்த பயன்களை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். 1728இல் பங்காளி ஒருவருடன் அச்சகம் தொடங்கியபோது, மன்றத்து நண்பர் ஒருவர் குவேக்கர் சமயத்தினரின் வரலாற்று நூலில் 40 தாள்களை அச்சிடும் வேலையைப் பெற்றுத் தந்தார். கூலியோ குறைவு. ஆயினும் நாளொன்றுக்கு ஒரு தாள் அச்சுக்கோத்தே தீர்வது என்று பிராங்ளின் உறுதி பூண்டார். இரவு பதினொரு மணி வரையிலும், சில நாள் அதற்கு மேலும் வேலை நீடித்தது. ஓரிரவு, கோத்து முடித்த எழுத்துகள் தற்செயலாகச் சிதறி இரண்டு பக்கங்கள் பாழாயின. அவர் படுக்கைக்குச் செல்லாமல் அவற்றை மீண்டும் கோத்த பின்னரே உறங்கினார். அண்டை வீட்டார் இந்த விடாமுயற்சியைக் கண்டனர். ஊரில் அவர்மீது நம்பிக்கை பிறந்தது.

1730ஆம் ஆண்டளவில், பங்காளியின் தந்தையார் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த பணம் முழுவதும் வராமையால் அச்சகம் வழக்கில் சிக்கியது. அப்போது மன்றத்து நண்பர் இருவர், ஒருவர் அறியாமல் மற்றவர் தனித்தனியே வந்து, பிராங்ளின் வாய் திறந்து கேளாமலே வேண்டிய பொருளைத் தர முன்வந்தனர். இருவரிடமும் பாதிப் பாதியாகப் பெற்றுக்கொண்டு அவர் அச்சகத்தைத் தமதாக்கிக் கொண்டார்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நண்பரின் அறிமுகம் வேலையைப் பெற்றுத் தந்தது. நாளுக்கொரு தாள் என்ற திட்டம் அந்த வேலையை முடித்துத் தந்தது. முடித்த வேலையைக் கண்டு பிறந்த நம்பிக்கையோ, இடுக்கண் வந்தபோது கேளாமலே கைகொடுத்தது. திட்டமில்லாதவருக்கு அறிமுகம் கிட்டினால் அறிமுகம் செய்தவரின் பெயரும் சேர்ந்து கெடும். அறிமுகம் இல்லாதவரின் திட்டமோ இருட்டறையில் ஏற்றிய விளக்குப்போல் ஊரார் கண்ணில் படாது.

பிராங்ளினின் நாட்திட்டமும் புகழ்பெற்றது. காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் இன்று என்ன நன்மை செய்யலாம் என்று தம்மையே கேட்டுக்கொள்வது, உறங்கப் போகுமுன் இன்று செய்த நன்மை யாது என்று சரிபார்ப்பது, இடையில் வேலை, படிப்பு, கணக்குப் பார்த்தல், உணவு, இசை, உரையாடல் ஆகியவற்றுக்கு நேரம் வகுப்பது என்பன அதன் அமைப்பு. 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகச் சிறு கையேட்டில் குறித்துப் பழகினார். தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. ஆண்டுக்கு நான்கு சுற்று. இவற்றுள் 'ஒழுங்கு' என்னும் பண்பே தமக்கு மிகுந்த தொல்லை தந்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கின்றார். அவர் குறையற்ற மனிதரும் அல்லர். தம் வாழ்நாளில் அடிமைகளை வைத்திருந்தவர். முதுமையில்தான் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அம்மன்றத்தில் பெண்களுக்கு இடமும் இருக்கவில்லை. கொள்ள வேண்டியதைக் கொண்டு தள்ள வேண்டியதைத் தள்ளுவதே நமக்கு அழகு.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் நிலைத்த அச்சிறு மன்றத்தின் பேச்சிலிருந்துதான் 1731இல் சந்தா நூலகமும், 1736இல் தொண்டர் தீயணைப்புப் படையும் பிறந்தன. அந்நூலகம் இன்றும் பிலடெல்பியாவில் இயங்கி வருகின்றது.

திட்டங்கள் ஏன் தவறுகின்றன?

"நாங்களும் திட்டமிடுகிறோம், நிறைவேறுவதில்லையே!" என்பது மாணவர்களின் குறை. இதற்கு உளவியலார் தரும் விடை சுவையானது. 1994இல் கனடாவின் ஆய்வாளர்கள், பட்ட ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டனர். மாணவர்கள் சொன்ன மதிப்பீட்டின் சராசரி சுமார் 34 நாட்கள். உண்மையில் எடுத்துக்கொண்டதோ சுமார் 55 நாட்கள். எல்லாமே மோசமாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்குச் சொன்ன விடைகூடச் சுமார் 49 நாட்களே! ஆகவே வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது சோம்பேறிகளின் குணம் மட்டுமன்று, மனித இயல்பு. நாம் நினைக்கும் காலத்தோடு அதிற் பாதியையும் கூட்டிக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது காரணம், திட்டத்தில் இடமும் நேரமும் இல்லாமை. 1997இல் வெளிவந்த ஆய்வொன்றில், நத்தார் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு ஜெர்மனிய மாணவர்களிடம் கூறப்பட்டது. எப்போது, எங்கே அமர்ந்து எழுதுவது என்று முன்கூட்டியே குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் உரிய காலத்தில் முடித்தனர். அவ்வாறு குறியாதவர்களில் பத்துக்கு மூன்று பேரே முடித்தனர். 'இவ்வாரம் தமிழ் படிப்பேன்' என்பது விருப்பம். 'புதன்கிழமை மாலை ஆறு மணிக்குச் சமையலறை மேசையில் இரண்டாம் பாடத்தைப் படிப்பேன்' என்பதே திட்டம்.

மூன்றாவது காரணம், கேட்பார் இல்லாமை. நமக்கு நாமே விதித்த கெடுவை நாமே தள்ளிப்போடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு பேர் முன்னிலையில் கட்டுரை வாசிக்க வேண்டும் என்றால் தள்ளிப்போட முடியுமா? குழுவின் கூட்ட நாளே சிறந்த கெடு நாள். இங்கேதான் நாட்குறிப்பும் நண்பர் குழுவும் ஒன்று சேர்கின்றன.

தூரத்து அறிமுகத்தின் வலிமை

"நமக்குத்தான் தமிழ்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் எல்லாம் உள்ளனவே, வேறு குழுக்கள் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வந்திறங்கிய நாளில் படுக்க இடமும் குளிருக்கு மேலாடையும் தந்தவர்கள் நம்மவர்களே. அந்தப் பிணைப்பை எவரும் குறைத்துப் பேசலாகாது.

எனினும் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு நம் சிந்தனைக்குரியது. அமெரிக்காவின் பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில், அறிந்தவர் வாயிலாக வேலை பெற்றோரை அவர் ஆராய்ந்தார். செய்தி சொன்னவரை வாரத்துக்கு இருமுறையேனும் சந்தித்து வந்தவர்கள் சுமார் 17 விழுக்காட்டினரே. எஞ்சிய 83 விழுக்காட்டினருக்கும் வழிகாட்டியவர்கள் எப்போதாவதோ மிக அரிதாகவோ காணும் மனிதர்கள்! காரணம் எளிது. நாம் நாளும் பழகுவோர் அறிந்ததையே நாமும் அறிந்திருக்கின்றோம். வேறு வட்டத்தில் வாழ்பவரிடமே நமக்குப் புதிய செய்தி இருக்கின்றது. 'லிங்க்டின்' என்னும் தொழில்சார் இணையத் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டோரிடையே நடந்து 2022இல் வெளியான ஆய்வும் இதனையொட்டியே அமைந்தது. மிக நெருங்கியவரும் அல்லாமல், முற்றும் அயலாரும் அல்லாமல், இடைப்பட்ட அறிமுகமே புதிய வேலைக்கு மிகுதியும் உதவுகின்றது என அது காட்டியது.

ஆகவே நம்மவர் மன்றம் நமக்கு வேர். பிறரோடு சேரும் உள்ளூர்க் குழு நமக்குக் கிளை. வேரின்றி மரமில்லை. கிளை பரப்பாமல் காயும் கனியும் இல்லை.

அத்தகைய குழுக்கள் எங்கும் உள்ளன. 1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் சிக்காகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொழில்முறை நண்பர் மூவரோடு தொடங்கியதே இன்றைய ரோட்டரிச் சங்கம். சிற்றூரில் வளர்ந்து பெருநகரில் தனிமையை உணர்ந்தவர் அவர். உறுப்பினரின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியமையால் அச்சங்கத்துக்கு அப்பெயர் வந்தது. 1924இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றமும் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அங்கே நேரம் பார்க்க ஒருவர், பேச்சை மதிப்பிட ஒருவர், பேச்சாளர் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தார் என எண்ணவும் ஒருவர்! அயல்மொழியில் மேடையேற அஞ்சும் பெற்றோருக்கு இது நல்ல பயிற்சிக் களம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1973லும், ரோட்டரி 1989லும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. நம் தாய்மார் இவற்றைத் தமக்குரியவை அல்ல என்று எண்ண வேண்டியதில்லை.

சிபாரிசும் அறிமுகமும் ஒன்றல்ல

"பிறரிடம் போய் நிற்பதா?" என்ற தயக்கம் நம்மவரிடையே ஆழமாக உள்ளது. தகுதியற்றவர் சிபாரிசால் முந்திச் சென்றதையும், தகுதியுள்ளவர் பின்தங்கியதையும் கண்ட வேதனை அதற்கு அடிப்படை. அத்தன்மானம் போற்றத்தக்கதே. ஆனால் சிபாரிசு என்பது தகுதிக்குப் பதிலாக வருவது. அறிமுகம் என்பது தகுதியைக் காட்ட வாய்ப்புத் தருவது. இடம் காலியாக இருக்கின்றது என்று ஒருவர் சொல்வது செய்தி. நேர்காணலில் வெல்வது நம் திறமை. மேலும் பெறுவதற்கு முன் கொடுப்பவர் எவரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. கணக்கு வல்லவர் குழுவின் கணக்கைப் பார்க்கலாம். நன்றாகச் சமைப்பவர் நிதி திரட்டும் விருந்துக்கு உதவலாம். ஈந்து பழகியவரை ஊர் தானே தேடி வரும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வோர் இரவும் மறுநாளின் முதன்மையான மூன்று வேலைகளை மட்டும், நேரமும் இடமும் சேர்த்து எழுதுக. பட்டியல் நீளுமானால் பயன் குறையும்.

2. ஞாயிறு மாலை பதினைந்து நிமிடம் ஒதுக்கி, நிறைவேறியது எது, தவறியது எது, ஏன் தவறியது என்று பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க. கடிந்துகொள்வதற்காக அன்று, அடுத்த வாரத்தைச் சீர்செய்வதற்காக.

3. நம்மவர் மன்றம் ஒன்று, பிற இனத்தவரும் கலந்த உள்ளூர்க் குழு ஒன்று என இரண்டில் மட்டும் சேர்க. பத்தில் பெயர் கொடுத்து ஒன்றிலும் தலைகாட்டாமையினும் இது நன்று. மாணவர்க்குச் சதுரங்கக் கழகம், நூலக வாசகர் வட்டம், சாரணர் படை, முதலுதவிப் படை எனப் பல உண்டு. பெற்றோர் அறியவே சேர்தல் வேண்டும்.

4. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் இரண்டு நாளுக்குள் ஒரு வரி நன்றி எழுதுக. அவருக்கு நீங்கள் உதவக்கூடியது ஏதேனும் உண்டா என்று கேட்க. அதன்பின் உங்கள் தேவையைச் சொல்க.

5. ஒருவர் உங்களை நம்பி அறிமுகம் செய்துவைத்தால், முடிவு எதுவாயினும் அவருக்குத் தெரிவிக்க. இதனை மறப்பவருக்கு இரண்டாம் கதவு திறவாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வார இறுதியில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில், பெற்றோர் பலர் நடைவழியிலும் வாகனங்களிலும் காத்திருக்கின்றோம். செவிலியர், கணக்காளர், ஓட்டுநர், கணினியாளர், கடைக்காரர், முன்னாள் ஆசிரியர் என எத்தனை தொழிலினர்! அருகருகே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தும் ஒருவர் தொழிலை ஒருவர் அறியோம். மாதத்தில் ஒருநாள் அந்த நேரத்தில் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வோமாக. புதிதாக வந்த குடும்பம் எது, வேலை தேடுபவர் யார், தொழில் தொடங்கிய இளைஞர் யார், மேற்படிப்புக்கு வழி கேட்கும் மாணவர் யார் என்னும் நான்கு கேள்விகளை மட்டும் கேட்போமாக. உயர்வகுப்பு மாணவர் இருவர் கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதட்டும். அவர்களுக்கு மொழியும் வளரும், உலகமும் விளங்கும்.

இதற்கு மண்டபமும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. பன்னிரண்டு நாற்காலிகளும், கேள்விகள் எழுதிய ஒரு தாளும், வருவேன் என்று சொன்ன நாளில் தவறாமல் வரும் பழக்கமும் போதும். அடுத்த ஆண்டு மலரில் அம்மேசையால் பயனடைந்தோரின் செய்தி இடம்பெறுமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!